தபாலில் தொலையும் அட்டைகள்

அரிய அட்டைகளைச் சேகரிப்போருக்கு அவை வெறும் காகிதங்கள் அல்ல. 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பபிள்கம் பொட்டலத்துடன் கிடைத்தது மிக்கி மாண்டில் என்ற பேஸ்பால் வீரரின் பட அட்டை. அவற்றுள் ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று! நம்மிடமுள்ள கிரிக்கெட், போக்கிமான் அட்டைகளுக்கு அவ்வளவு விலை இல்லை. எனினும், தபால் மூலம் மாற்றிக்கொள்ளும் அட்டை வந்து சேராவிடில் மனம் வருந்துகிறது.

உடனே, "தபால்காரர்தான் எடுத்திருப்பார்" என்கிறோம். இது முறையா? சாதாரணத் தபாலுக்கு ரசீதும் இல்லை, எண்ணும் இல்லை. முகவரி தவறோ, உறை கிழிந்ததோ, அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவே இல்லையோ, யார் கண்டார்? அட்டையைத் திருடுபவர் ஏழாம் கட்டளையை மீறுகிறார். சான்றின்றி ஒருவரைத் திருடர் என்பவரோ எட்டாம் கட்டளையை மீறுகிறார். வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக வருபவர் தம் நற்பெயரை இழந்தால், அதை யார் திருப்பித் தருவார்?

ஆகவே தோழியரே, சில ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி விலைமதிப்புள்ள அட்டையைச் சாதாரண உறையில் அனுப்பலாகாது. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டது. அதில் அனுப்பினால் ரசீதிலுள்ள எண்ணைக் கொண்டு உறை சென்ற வழியை அறியலாம். கூடுதல் கட்டணம் செலுத்திக் காப்பீடும் செய்யலாம். அட்டையும் பத்திரமாக இருக்கும். குற்றமற்றவர் மீது வீண்பழியும் விழாது.