பங்குதாரரா, பங்காளியா?

திட்ட மேலாண்மை நூல்களில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்னும் சொல் அடிக்கடி வரும். ஒரு திட்டத்தால் பயன்பெறுவோர், பாதிக்கப்படுவோர், அதன் போக்கை மாற்றக்கூடியோர் ஆகிய அனைவரையும் அது குறிக்கும். 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன் எழுதிய நூலுக்குப் பின் மேலாண்மைத் துறையில் அது வேரூன்றியது. தமிழில் அதைப் ‘பங்குதாரர்’ என்கிறோம். நிறுவனத்தில் பங்கு வாங்கியவருக்கும் அதே பெயர்தான். மொழியியல் பயின்றவனுக்கு இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாகத் தோன்றவில்லை. பணம் போட்டவருக்கே பேசும் உரிமை என்னும் நடைமுறையை இச்சொல் ஓசையின்றி வழிமொழிகிறது.

இன்றைய பெருந்திட்ட அறிக்கைகளில் சுற்றுச்சூழலுக்கும் வளங்குன்றா வளர்ச்சிக்கும் ஓர் அத்தியாயம் இருக்கும்; பங்குதாரர் மேலாண்மைக்கு மற்றோர் அத்தியாயம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அறியா. பின்னதற்கான கருவி பெரும்பாலும் ஒரு கட்டம்: அதிகாரம் ஓர் அச்சு, ஆர்வம் மற்றோர் அச்சு. அதிகாரம் மிக்கவரை நெருங்கிக் கவனிக்க வேண்டும். அது இல்லாதவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். நாற்பதாண்டு நிழல் தந்த மரத்திற்கோ, நாளை அதே நிலத்தடி நீரை நம்பிப் பிறக்கப்போகும் குழந்தைக்கோ அக்கட்டத்தில் இடமில்லை. அவற்றின் சார்பில் பேசக்கூடியவர்கள் அவ்விடத்தில் வாழும் மனிதர்களே. அவர்களைக் கேளாமல் எழுதப்படும் சுற்றுச்சூழல் அத்தியாயம் ஒப்பனையாகவே எஞ்சும்.

தில்லியிலேயே சான்று உண்டு. சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. எனவே கேட்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. 2018 ஜூனில், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படக்கூடும் என்ற செய்தி பரவியதும் மக்கள் தெருவுக்கு வந்து மரங்களைக் கட்டியணைத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, வெட்டுதல் நின்றது, வரைபடங்களை மறுபரிசீலனை செய்ய அமைச்சகம் முன்வந்தது. தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் எந்த மரத்தை விட்டு எங்கே கட்டலாம் என்று மேசையில் முடிந்திருக்கும் பேச்சு, நீதிமன்றப் படியேறியது.

கேட்டாலும் எந்த மொழியில் கேட்பது என்ற கேள்வி அடுத்து வருகிறது. 2006இன் அறிவிக்கைக்கு மாற்றாக 2020இல் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டு, நாட்டு மக்கள் அனைவரின் கருத்தையும் கோரியது. வரைவு இருந்ததோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். மக்கள் கருத்துச் சொல்வதற்கான கால அளவை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைப்பதும் அதில் ஒரு முன்மொழிவு. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்த்து வெளியிடுமாறு 2020 ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மொழிபெயர்க்க வேண்டிய சட்டக் கடமை தனக்கில்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: மீனவருக்கோ உழவருக்கோ புரியாத மொழியில் கருத்துக் கேட்பது, கேளாமைக்குச் சமம்.

இவையெல்லாம் காலத்தையும் செலவையும் கூட்டும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் கேளாமல் தொடங்கிய திட்டம் இடையில் நின்றால் ஆகும் செலவை யார் கணக்கிலும் காட்டுவதில்லை. மொழிபெயர்ப்புக்கான கூலி அதன் முன் சிறிது.

ஆகவே நான் கோருவன மூன்று. முதலாவது, கருத்துக்கேட்பு வரைபடம் முடிவாவதற்கு முன்பே நிகழ வேண்டும். இரண்டாவது, சுருக்கம் மட்டுமன்றி, நீர், காற்று, வாழிடம் பற்றிய முழு அத்தியாயங்களும் அவ்வூர் மக்களின் மொழியில் கிடைக்க வேண்டும். மூன்றாவது, சொல்லப்பட்ட ஆட்சேபம் ஒவ்வொன்றாலும் திட்டத்தில் எது மாறியது, மாறவில்லையெனில் ஏன் என்பதை அதே மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

தமிழில் ‘பங்காளி’ என்று ஒரு பழகிய சொல் இருக்கிறது. பொதுச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை பெற்றவர் அவர், சண்டைக்கும் வருவார். அவரைக் கேளாமல் பொதுக் கிணற்றைத் தூர்க்க முடியாது. பங்காளியை எவரும் ‘மேலாண்மை’ செய்வதில்லை. உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். காற்றும் நீரும் நிழலும் பொதுச் சொத்தென்றால், அவற்றைத் தொடும் திட்டங்களுக்கும் அந்த முறையே பொருந்தும்.