ஏரிக்குள் அலை எட்டாதா?

செல்போன் கோபுரத்தின் உச்சியில் வெள்ளைப் பலகைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் இருப்பவை ஆன்டெனாக்கள். நகரங்களில் 5ஜிக்காக மாட்டப்பட்ட பலகைகளில் அனுப்ப 64 வழி, வாங்க 64 வழி கொண்டவையும் உண்டு. ஏன் இத்தனை? ஒன்று போதாதா?

போதாது, தோழர்களே! வானலை அளவுள்ள சொத்து. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே சமயம் பேசினால் குழம்பிப் போகும் என்பதே ரேடியோவின் பழைய பாடம். அதைப் புரட்டிப் போட்டவர்களில் முன்னின்றவர் நம் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சோனார் கருவியை உருவாக்கிக் கொடுத்தவர். பின்னர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்துக்குப் போய், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1994ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

விஷயம் இதுதான். தறிக்கூடத்தின் இரைச்சலில் மேஸ்திரியின் குரல் எந்தப் பக்கம் என்பது இரண்டு காதும் கேட்பவனுக்குத்தான் தெரியும். அதுபோல, பல ஆன்டெனாக்கள் வெவ்வேறு செய்திகளை ஒரே அலைவரிசையில் ஒருசேர அனுப்புகின்றன. வாங்கும் ஆன்டெனா ஒவ்வொன்றிலும் அவை வெவ்வேறு விகிதத்தில் கலந்து விழுகின்றன. கணக்குப் போட்டுப் பிரித்து விடலாம். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை முன்பு இடைஞ்சல் என்றார்கள். இங்கே அதுவே பிரிப்பதற்குத் துணை! இரு பக்கமும் 4 ஆன்டெனா இருந்தால், நல்ல அலை கிடைக்கும் இடத்தில் ஏறக்குறைய 4 மடங்கு செய்தி ஓடும்.

நல்ல அலை கிடைக்கும் இடத்தில்! அங்கேதான் வில்லங்கம். தூரம் இரட்டித்தால் வெட்டவெளியிலேயே அலையின் பலம் நாலில் ஒன்றாகும். மரமும் வீடும் மேடும் குறுக்கிட்டால் பதினாறில் ஒன்றாகக்கூடக் குறையும். அப்போது பலகையில் எத்தனை ஆன்டெனா இருந்தும் பிரயோஜனம் சொற்பம்.

அதற்கும் வழி உண்டு. குடிசை தீப்பிடித்தால் கிணற்றிலிருந்து ஒருவனே குடத்தைத் தூக்கி ஓடுவதில்லை. வரிசையாக நின்று கை மாற்றுகிறோம். இடையில் ஒரு சிறு நிலையம் வைத்து அலையை வாங்கிக் கொடுப்பதும் அப்படித்தான். வாங்கியதை அப்படியே உரக்கக் கூவும் நிலையம் இரைச்சலையும் சேர்த்துக் கூவும். செய்தியைப் புரிந்துகொண்டு புதிதாகச் சொல்லும் நிலையமே மேல். கை மாற்றுவதில் கொஞ்சம் நேரம் செலவாகும், உண்மை. ஆனால் அதற்கென்று பூமிக்கடியில் கேபிள் புதைக்க வேண்டியதில்லை. 2020ல் முடிவான 5ஜி விதிமுறையிலேயே இந்த ஏற்பாடு இடம் பெற்றுவிட்டது.

பின் ஏன் சிற்றூருக்கு வரவில்லை? கூட்டம் உள்ள இடத்தில்தான் கம்பெனிக்கு வருமானம்!

2023 ஜனவரி 1 முதல், 100 நாள் வேலைத் தளங்களில் நாளுக்கு இரு முறை செல்போனில் படம் எடுத்து வருகை பதிய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயப்படுத்தியது. அலை கிடைக்காமல் படம் ஏறவில்லை, கூலி போயிற்று என்று பல மாநிலங்களில் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். வெட்டிய மண் கரையிலே கிடந்தது. கணக்கில் ஆள் இல்லை!

பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிராமங்களுக்குத் தொலைபேசி வசதி தருவதற்கென்றே 2002ல் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவிகிதம் அதற்கு வசூலானது. அந்த நிதியிலிருந்து வேலைத் தளங்களுக்கு இடைநிலையங்கள் வைக்கட்டும். அலை வரும்வரை மேட்டின் காகிதப் பதிவேடே கூலிக்குச் சாட்சியாக இருக்கட்டும்.