நாயின் பயமும் எங்கடை பிடிவாதமும்

நாய் பயந்து உறுமினால் அதட்டி அமத்த வேணும் என்பது எங்கடை ஆட்களின் நெடுநாள் நம்பிக்கை. ஊரில் விசர்நாய் ஊசி போட வந்தால் ஒருவர் கழுத்தைப் பிடிப்பார், இன்னொருவர் பின்னங்காலை அமத்துவார், வேலை முடிந்துவிடும். இங்கே எடிசனிலும் நாய் வளர்க்கிற தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மிருக வைத்தியரிடம் போனால் அதே கதைதான். "பிடியுங்கோ, ரெண்டு நிமிசம்தானே" என்று நாங்களே கைகொடுக்கிறோம். இது பிழை என்பது என்னுடைய கருத்து.

பயப்படுகிற நாய் ஏதோ பழுதான நாய் என்று நினைக்காதேங்கோ. ஜேர்மனியில் 135 நாய்களை மிருக வைத்தியரிடம் வைத்துக் கவனித்து 2009 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பரிசோதனை மேசையில் ஏறியதும் 106 நாய்கள் பயத்தைக் காட்டின.

காரணம் விளங்காததும் அல்ல. வழுக்குகிற மேசை, மற்ற மிருகங்களின் மணம், மேலே குனிகிற அந்நியர். முதல்முறை பலவந்தமாய் அமத்தினால், அடுத்தமுறை வாசலிலேயே நடுக்கம் தொடங்கும். ஹெலிச் சத்தம் கேட்டால் இப்பவும் நெஞ்சு திக்கென்கிற எங்களுக்கு இதை ஆரும் விளக்கத் தேவையில்லை.

இந்த நாட்டு வைத்தியர்களே இதைப் பேசிவிட்டார்கள். சோஃபியா யின் என்ற மிருக வைத்தியர் நாயையும் பூனையையும் பதற்றமில்லாமல் கையாளுவது பற்றி 2009 இல் பெரிய புத்தகமே எழுதினார். மார்ட்டி பெக்கர் தொடங்கிய 'ஃபியர் ஃப்ரீ' திட்டம் 2016 முதல் வைத்தியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பயிற்சிச் சான்றிதழ் கொடுக்கிறது. புது வைத்தியரிடம் போகமுன் அந்தப் பயிற்சி எடுத்தவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேளுங்கோ.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஊசி ஒன்றும் இல்லாத நாளில் நாயைக் கூட்டிக்கொண்டுபோய், நிறைபார்க்கிற தராசில் ஏற்றி, ஒரு துண்டு கோழியிறைச்சி கொடுத்துத் திரும்பி வரலாம். கூட்டமான அறையில் காத்திருக்காமல் காரில் இருந்து, முறை வந்ததும் உள்ளே போகலாம். வீட்டுப் பாயைக் கொண்டுபோய் மேசையில் விரிக்கலாம்; நிலத்தில் வைத்தே பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். வாய்க்கூடு போடுவதை வீட்டில் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பழக்குங்கோ. கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, வால் உள்ளே போவது, பிடித்த சாப்பாட்டையே தொடாமல் விடுவது, எல்லாம் பயத்தின் அடையாளங்கள். உறுமல் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவும் காணாத நாய்களும் உண்டு. அவற்றுக்கு மருந்து கேட்கத்தான் எங்களுக்கு வெட்கம். "நாய்க்கும் மனநோய் மருந்தோ?" என்று சிரிப்பார்கள். கபபென்டின், ட்ரசடோன் போன்ற மருந்துகளைப் போகமுன் வீட்டிலேயே கொடுக்கும்படி வைத்தியர்கள் எழுதித் தருகிறார்கள். முன்னொரு நாள் கொடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்வதும் உண்டு. ஆனால் வீட்டில் மனிசருக்கு வாங்கிய மருந்தைத் தொடாதேங்கோ. மனிசருக்கான திரவ கபபென்டினில் சைலிட்டோல் இருக்கலாம், அது நாய்க்கு நஞ்சு. சில கச்சான் வெண்ணெய்ப் போத்தல்களிலும் அது இருக்கிறது, லேபிளை வாசியுங்கோ.

நாய்க்குச் செல்லம் கொடுக்கிற கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நியூ ஜேர்சியில் விசர்நாய் ஊசி போட்ட அத்தாட்சி இல்லாமல் நாய்க்கு லைசன்ஸ் எடுக்க ஏலாது. போவதே கரைச்சல் என்று தவணையைத் தள்ளிப்போட்டால் ஊசியும் தள்ளிப்போகும், உள்ளே இருக்கிற வருத்தமும் பிந்தித்தான் தெரியும். பயத்தில் ஆரையாவது கடித்தால் 10 நாள் அடைத்துவைத்துக் கண்காணிக்க வேண்டிவரும். நகராட்சிகளின் இலவச ஊசி முகாம் நல்ல விசயம்தான், ஆனால் பயந்த நாயை அந்த வரிசையில் நிறுத்துவதைவிடக் காசு கொடுத்துத் தனியாகப் போவது மேல்.

எங்கடை ஆட்களுக்கு டொக்டருக்கு முன்னால் வாய் திறக்க வராது. அவசர வருத்தமென்றால் சரி, வேறு வழியில்லை. வெறும் நகம் வெட்டவும் வருடாந்த ஊசிக்கும் நாலு பேர் அமத்த வேண்டியிருந்தால், "இண்டைக்கு விடுங்கோ, மருந்து கொடுத்து இன்னொரு நாள் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லுங்கோ. நாயால் அதைச் சொல்ல ஏலாது. எங்களால் ஏலும்.