துலா மிதிப்பவர் நாம், கிணறு யாருடையது?

யாழ்ப்பாணத்திலே ஒரு புதுவகைக் கூட்டம் வழக்கத்துக்கு வந்திருக்கின்றது. சனிக்கிழமைக் காலை, குளிரூட்டிய மண்டபம். வாசலிலே பெயர் பதிவு. உள்ளே கணினியும் கையுமாக இளைஞரும் யுவதியரும். சுவரிலே கம்பனிகளின் இலச்சினைகள். மேடையிலே ஒருவர், கந்தோர்களிலே பலர் சேர்ந்து வேலை செய்வதற்கென்று ஆக்கப்பட்ட மென்பொருள்களைப் பற்றிப் பேசுகின்றார். செய்தி அனுப்புவது, வேலையைப் பங்கிடுவது, ஆவணத்தைக் கூடி எழுதுவது, முகம் பார்த்துக் கூட்டம் நடத்துவது ஆகிய யாவற்றுக்கும் ஒவ்வொரு கருவி. இம்மாதம் வந்த புதிய வசதிகள் எவை, எந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு என்பன ஆங்கிலத்திலே விளக்கப்படுகின்றன. தேநீரும் ரோல்ஸும் வருகின்றன. இலவசமாக ஒரு மேற்சட்டையும் கிடைக்கின்றது. படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைகின்றார்கள். இதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'சமூகம்'.

சமூகம் என்ற சொல்லை எம்மைப் போன்றவர்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆகவே அச்சொல் இங்கே எதைக் குறிக்கின்றது என்று கேட்பது எமது கடமையாகின்றது.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கருவியின்மீது எமக்குப் பகை இல்லை. மனிதர் பலரின் அறிவை ஒருங்கே சேர்த்து உழைக்க வைக்கும் கருவி எதுவாயினும் அது முன்னேற்றத்தின் கருவியே. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி, சான்பிரான்சிஸ்கோ நகரிலே டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர், இரண்டு இடங்களில் இருப்போர் ஒரே திரையிலே ஒரே ஆவணத்தைத் திருத்தும் அற்புதத்தைச் செய்து காட்டினார். மானிடரின் கூட்டறிவைப் பெருக்குவதே அவர் நோக்கம். அந்தக் கனவை நாம் மதிக்கின்றோம். ஆனால், கனவு கண்டவர் ஒருவர். இன்று அதனை வாடகைக்கு விடுபவர் வேறொருவர் என்பதை மறந்துவிடலாகாது.

கூட்டு வேலை எமக்குப் புதிதன்று. நீரிறைக்கும் இயந்திரம் வருமுன்னர் எமது செம்மண் தோட்டங்களுக்கு எவ்வாறு இறைத்தார்கள்? துலாவிலே ஏறி மிதித்தவர் சிலர். பட்டை பிடித்துக் கவிழ்த்தவர் ஒருவர். வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறியவர் ஒருவர். ஒருவர் தாளம் தப்பினால் எல்லோருடைய வேலையும் கெடும். ஆனால் அந்த வேலைக்கு அடியிலே ஒரு கேள்வி எப்பொழுதும் இருந்தது: கிணற்றிலே பங்கு யாருக்கு? எமது உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுத்திலே பொறிக்கப்பட்டன. பங்கு உள்ளவன் முறை வைத்து இறைத்தான். பங்கு இல்லாதவன் கூலிக்கு மிதித்தான். அள்ளவும் கூடாதென்று தடுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள், நிறைந்த கிணற்றருகே வெறுங்குடத்துடன் காத்து நின்றார்கள்.

இன்றைய கிணற்றைப் பாருங்கள். ஸ்லாக் என்னும் செய்திக் கருவியை 2021ஆம் ஆண்டிலே சேல்ஸ்போர்ஸ் கம்பனி ஏறத்தாழ 2,770 கோடி டொலருக்கு வாங்கியது. பணம் கொடாது பயன்படுத்துவோர் கடைசித் தொண்ணூறு நாட் செய்திகளை மாத்திரமே பார்க்கலாம் என்று 2022இல் விதிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேற்பட்டவை அழிக்கப்படும் என்று 2024இல் மேலும் விதிக்கப்பட்டது. ஜிரா முதலிய கருவிகளை ஆக்கும் அட்லாசியன் கம்பனி, வாங்கியவர்கள் தங்கள் சொந்தக் கணினியிலே நிறுவி நடத்திவந்த 'சேர்வர்' வகைக்கான ஆதரவை 2024 பெப்ரவரி 15உடன் நிறுத்தி, எல்லோரையும் சந்தா வாடகைப் பாதைக்குத் திருப்பியது. ஒரு சிறு கந்தோரின் பேச்சு, நினைவு, முடிவு யாவும் அக்கிணற்றிலே ஊறிய நீர். ஊறவைத்தவர்கள் உழைத்தவர்கள். பூட்டும் திறப்பும் பிறர் கையில். இதுதான் பங்கில்லாதவன் துலா மிதிப்பது.

இனி, 'சமூகம்' என்பதன் உட்பொருளை ஆராய்வோம். இக்கம்பனிகள் பலவற்றுக்கு உலகெங்கும் பயனாளர் வட்டங்கள் உண்டு. ஊரூராகக் கூட்டம் கூட்டுபவர்கள் தொண்டர்கள். புதியவர்களின் ஐயங்களுக்கு இராப்பகலாக விடை எழுதுபவர்களும் தொண்டர்களே. கம்பனி கூலி கொடுத்துச் செய்யவேண்டிய விளக்கப் பணியையும் விளம்பரப் பணியையும் இவர்கள் கூலியின்றிச் செய்கின்றார்கள். பதிலுக்குப் பெறுவது பெயருக்குப் பக்கத்திலே ஒரு பதக்கப் படமும் ஒரு மேற்சட்டையும். தொண்டு இழிவென்று நாம் சொல்லவில்லை. இலாபம் ஒருவருக்கும் தொண்டு இன்னொருவருக்கும் என்று பங்கிடப்படும்போது அதற்குத் தொண்டென்று பெயரில்லை என்றே சொல்லுகின்றோம்.

மேலும், இக்கூட்டங்களிலே எது பேசப்படுகின்றது என்பதைவிட எது பேசப்படுவதில்லை என்பதே முக்கியம். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 'உற்பத்தித்திறன் மதிப்பெண்' என்றொரு வசதியைக் கொண்டுவந்தது. இன்ன ஊழியர் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் அரட்டையிலே எழுதினார் என்பனவற்றை மேலாளர் பெயர் பெயராகப் பார்க்கக்கூடியதாக அது இருந்தது. ஐரோப்பாவிலே ஆய்வாளர்கள் எதிர்த்து எழுதினர். எதிர்ப்பு வலுக்கவே, டிசம்பர் மாதத் தொடக்கத்திலே தனியாட்களின் பெயர்கள் நீக்கப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. இதிலே இரண்டு பாடங்கள் உள்ளன. உடன் உழைப்பதற்கென்று கொடுக்கப்பட்ட கருவி, ஒரு திருப்பத்தில் கங்காணியின் பிரம்பாகலாம் என்பது ஒன்று. எதிர்த்தால் பிரம்பு கீழிறங்கும் என்பது மற்றது. எமது இளைஞருக்கு முதலாவது பாடமும் சொல்லப்படுவதில்லை, இரண்டாவதும் சொல்லப்படுவதில்லை.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். நியூயோர்க்கிலே காலை ஒன்பதரை மணிக்குக் கூடும் கூட்டம், எமக்குக் கோடையில் இரவு ஏழு மணி. மாரியில் இரவு எட்டு மணி. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்கோ ஊர்காவற்றுறைக்கோ திரும்பவேண்டிய பெண் அந்நேரத்திலே எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்? வீட்டிலிருந்தே கூட்டத்திற் கலந்துகொள்ளலாமே என்பார்கள். கலந்துகொள்ளலாம், அடுப்படியிலும் கந்தோர் நுழைந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். எட்டு மணி நேர வேலை என்பது வானத்திலிருந்து விழுந்த வரமன்று. உலகத் தொழிலாளர் குருதி சிந்திப் பெற்றது. இலங்கையிலே கடைகள், கந்தோர்களின் ஊழியருக்கு நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பத்தைந்து மணி என்ற வரம்பை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. பிரான்ஸ் 2017இலும், அவுஸ்திரேலியா 2024இலும், வேலை நேரத்துக்குப் புறம்பே வரும் செய்திக்கு விடை கொடாதிருக்கும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. புதிய வசதிகளை ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கும் மேடைகளிலே இவற்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

எமக்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். "போர் தின்ற மண். 2009இற்குப் பின்னர்தான் பெடியள் நிமிருகின்றார்கள். கொழும்புக்குப் போகாமல், கப்பலேறாமல், ஊரிலே இருந்தே உழைக்க ஒரு வழி பிறந்திருக்கின்றது. அதையும் கெடுக்கவா வந்தீர்கள்?" என்பதே அது. இக்கேள்வியிலே நியாயம் உண்டு. யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்பினர், யாழ்ப்பாணத்தை ஒரு சிலிக்கன் பள்ளத்தாக்காக்குவோம் என்று முழங்கிப் போட்டிகள் நடத்தியும் பயிற்சி கொடுத்தும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கின்றார்கள். 2022இல் நாட்டின் பொருளாதாரம் குலைந்து, ஒரு நாளிலே பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்திலும் வேலையைக் கைவிடாது நின்ற இளைஞரை நாம் அறிவோம். அவர்களுடைய சோற்றிலே மண் போட எமக்கு எண்ணமில்லை.

ஆனால் வரலாறு எம்மை எச்சரிக்கின்றது. 1823இல் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கிய காலந்தொட்டு இக்குடாநாடு ஆங்கிலங் கற்றது. கற்றவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் பிறருடைய பேரேடுகளைப் பிழையின்றி எழுதினார்கள். மாதந்தோறும் மணியோடர் வந்தது, கல்வீடுகள் எழுந்தன. 'கோழி மேய்த்தாலும் கவர்மேந்திலே மேய்க்க வேணும்' என்பது ஊர்ப் பழமொழியாயிற்று. சொந்தத் தொழில் வளர்ந்ததா? 1956இலே சிங்களம் மாத்திரம் சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. பிறர் கதவைச் சாத்தியபோது உள்ளே போக எமக்கென்று வேறொரு கதவு இருக்கவில்லை. அநீதி இழைத்தவர்களைக் கண்டிப்பதிலே நாம் எவருக்கும் பின்னிற்கவில்லை. ஆயினும், பிறர் பேரேட்டை மாத்திரம் நம்பிய பொருளாதாரம் எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றைய பேரேடு இன்று ஜிராப் பலகையாகியிருக்கின்றது. அன்றைய கிளாக்கர் பரீட்சை இன்று கம்பனிச் சான்றிதழாகியிருக்கின்றது. பேரேட்டின் நிறம் மாறிற்று. உரிமையாளன் இருக்கும் திசை மாறவில்லை.

ஆசிரிய நண்பர்களே, இஃது உங்கள் கதையுமாகும். பெருந்தொற்றுக் காலத்திலே உங்கள் சொந்தத் தொலைபேசியிலே, உங்கள் சொந்தச் செலவிலே, வாட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் நடத்தினீர்கள். மரத்திலே ஏறியும் மதிலிலே நின்றும் அலைவரிசை தேடிய பிள்ளைகளும் இருந்தார்கள்; கருவியே இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். 2021 யூலையிலே நாடெங்கும் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோதுதான், அத்திரைக்குப் பின்னால் ஊதியமும் உரிமையும் உள்ள உழைப்பாளி ஒருவர் இருக்கின்றார் என்பதை அரசு கண்டுகொண்டது. திரையிலே செய்யும் வேலையும் வேலையே. அதனை நிறுத்தவும் முடியும் என்று எடுத்துக்காட்டியவர்கள் மென்பொருள் நிபுணர்களல்லர், நீங்களே.

அப்படியாயின் வேறு வழி உண்டா? உண்டு. எம் கையிலேயே உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் முளைத்தபோது அதற்குத் தோள் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன். அபுதாபியிலே தொழில் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கினார். அவர் எழுதியதை அறிமுகமில்லாத பலர் திருத்தினார்கள், வளர்த்தார்கள். 1981இலே எமது பொதுநூலகத்தை எரித்தார்கள். தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. 2005இலே நூலகம் என்ற பெயரிலே இலங்கைத் தமிழ் எழுத்துக்களை மின்வடிவிலே காக்கும் பணி தொடங்கிற்று. இவை இரண்டும் கூட்டு உழைப்புக் கருவிகளால் ஆனவை. இங்கேயும் கூலியில்லாத் தொண்டுதான் செய்யப்பட்டது. ஆனால் விளைந்த நீரை எவரும் அள்ளலாம், கிணற்றுக்குப் பூட்டில்லை. தொண்டுக்கும் சுரண்டலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தொழிற்கருவிகளிலும் இவ்வழி திறந்தே கிடக்கின்றது. சூலிப், மட்டர்மோஸ்ட், நெக்ஸ்ட்கிளவுட் முதலியவற்றின் கட்டற்ற பதிப்புகளை எவரும் தம் சொந்தக் கணினியிலே நிறுவி நடத்தலாம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு, ஏறத்தாழ முப்பதினாயிரம் பணியிடங்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. ஒரு மாநில அரசு துணியக்கூடியதை ஒரு கூட்டுறவுச் சங்கம் துணியலாகாதா? மலையாளப் புகையிலைச் சங்கத்தையும் மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையையும் 1930களிலேயே கட்டியெழுப்பியது இக்குடாநாடு. கணினி ஒன்றை வாங்கி வைத்துக் காவல் செய்வது, வைத்தியசாலை கட்டுவதைவிடக் கடினமானதன்று. செலவும் பராமரிப்பும் உண்டு என்பது மெய். அதனாலேதான் தனியொருவராக அல்லாமற் கூட்டாகச் செய்யவேண்டும் என்கின்றோம்.

ஆகவே, கூட்டங்களைப் பகிஷ்கரிக்கும்படி நாம் கூறவில்லை. போங்கள், கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கேள்வியோடு போங்கள். பாடசாலைகளிலே சம ஆசனம் கேட்டபோது, 1930ஆம் ஆண்டையொட்டி இங்கே சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே எல்லோருக்கும் ஒரே உயரத்திலே இருக்கை வேண்டும் என்பதை அந்த மண்ணிலே பிறந்த நாம் மறக்கலாமா? ஆங்கிலத்திலே மாத்திரம் நடக்கும் கூட்டம், கிராமப் பாடசாலையிலே தமிழிற் கற்று வந்த பிள்ளையைப் பின்வரிசையிலே தரையில் இருத்துகின்றது. அடுத்த கூட்டம் தமிழிலே நடக்கட்டும். புதிய வசதிகளுக்கு ஒரு மணி நேரம் என்றால், வேலை நேரத்துக்கும் கண்காணிப்புக்கும் தொழிற்சட்டத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படட்டும். சொந்தக் கருவி ஒன்றை நிறுவும் முறையை மாணவர்கள் கைப்படச் செய்து பழகட்டும். கம்பனியின் பணமின்றி, பாடசாலை மண்டபத்திலோ வாசிகசாலையிலோ, பிளேன்ரீயோடு கூடுவோம். மேற்சட்டை எமக்கு வேண்டாம்.

துலா மிதிக்க நாம் அஞ்சியதில்லை, இனியும் அஞ்சோம். ஆனால் உறுதியை எடுத்துவைத்து வாசிக்கும் காலம் வந்துவிட்டது. கிணற்றிலே எமது பங்கு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? எழுதப்படவில்லை என்றால், எழுதும் வேலையை இன்றே தொடங்குவோம்.