மேடையா, போஸ்ரரா?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வு மாநாட்டுக்கு விண்ணப்பிக்கையில் படிவம் கேட்கும்: மேடையில் பேசுவதா, போஸ்ரர் வைப்பதா? மேடைதான் பெரிது என்று பெற்றோராகிய நாம் நெருக்குகிறோம். வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பலாமல்லவா! ஆனால் மேடையில் கிடைப்பது பெரும்பாலும் 15 நிமிடம். கேள்விக்கு மிஞ்சுவது மூன்றோ நாலோ. போஸ்ரர் அருகே ஒரு மணித்தியாலமாவது நின்று, வருகிற பேராசிரியர்களோடு முகம் பார்த்துக் கதைக்கலாம். மேற்படிப்புக்கு வழி பிறப்பது பலவேளை அங்கேதான்.

வாதத்தைப் படிப்படியாக எடுத்துச் சொல்லவேண்டிய சரித்திரம், இலக்கியம் என்றால் மேடை நல்லது. படமும் அட்டவணையும் நிறைந்த, இன்னும் முடியாத ஆய்வுக்குப் போஸ்ரர். தெரிவைப் பிள்ளையிடமே விடுவோம். துணியில் அச்சடித்தால் 84க்கு 119 சென்ரிமீற்றர் போஸ்ரரும் மடித்துப் பெட்டிக்குள் அடங்கும். விமானத்தில் குழாய் காவத் தேவையில்லை.