சேர்க்கைக்குப் பிறகு

தமிழ்நாட்டின் உயர்கல்வியைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துவைக்கும் எண் 47. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்வி ஆய்வறிக்கை கணித்த மொத்தச் சேர்க்கை விகிதம் அது. நாட்டின் சராசரியோ 28.4. பெருமைக்குரிய எண் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது சேர்ந்தோரைச் சொல்லும் எண். சேர்ந்தவருள் எத்துணைப் பேர் உரிய காலத்தில் பட்டத்தோடு வெளிவந்தனர் என்பது வேறு கணக்கு. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் நிரப்பித் தரும் படிவங்களின் ஏதோ ஒரு கட்டத்தில் அக்கணக்கு கிடக்கிறது; அமைச்சர்களின் உரையிலோ நாளேடுகளின் முதற்பக்கத்திலோ அதைக் காண்பது அரிது.

கல்லூரி வாயிலைத் திறந்துவைப்பதில் இம்மாநிலம் குறை வைத்ததில்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021இலும் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. ஆட்சிகள் மாறியும் நோக்கம் மாறவில்லை. இதைப் பாராட்டாமல் மேற்செல்வது அறமன்று.

ஆனால், பட்டம் பெற்றோர் வாழும் வீட்டில் பணத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண் எப்படிக் கூடுகிறது, எந்தத் தாளை அடுத்த பருவத்துக்குத் தள்ளினால் ஆபத்து, துறைத்தலைவரை எப்போது பார்க்க வேண்டும், உதவித்தொகையைப் புதுப்பிக்கும் கடைசி நாள் எது என்பனவெல்லாம் அங்கே இரவு உணவின்போதே பேசி முடிந்துவிடுகின்றன. கட்டடத் தொழிலாளியின் மகளுக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. 75 விழுக்காடு வருகை வேண்டும். சற்றுக் குறைந்தால் கட்டணம் செலுத்தித் தேர்வெழுத இசைவு பெறலாம். மேலும் தாழ்ந்தால் அப்பருவத் தேர்வே இல்லை. இந்த விதியை அவள் அறிவது பெரும்பாலும் அதில் அகப்பட்ட பின்னரே. அறுவடைக்கும் தாயின் மருத்துவத்துக்குமாகச் சில வாரங்கள் வராதிருந்தவள், தேர்வு நுழைவுச்சீட்டு தனக்கு வராதது கண்டு, ஒருவரிடமும் கேளாமல் ஊர் திரும்புகிறாள். யாரும் அவளை விலக்கவில்லை, யாரும் தேடவுமில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முதற்பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து அமர்பவனின் கதையும் ஏறத்தாழ இதுவே. நிலுவைப் பாடம் ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகும்போது, ‘எனக்குப் படிப்பு வராது’ என்ற முடிவுக்கு அவனே வந்துவிடுகிறான். வழிதெரியாமையைத் தன் அறிவின் குறை என்று நம்பிவிடுகிறானே, அந்த நம்பிக்கைதான் இதில் மிகக் கொடியது.

இந்நிலையில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் நம் கவனத்துக்குரியது. அதன் ஈராண்டுப் பட்டயக் கல்லூரிகளில் பயில்வோர் பெரும்பாலும் ஏழைகள், குடியேறியோரின் பிள்ளைகள், அடிப்படைக் கணக்கிலும் எழுத்திலும் பின்தங்கியோர். ‘ஏசாப்’ எனச் சுருக்கமாக வழங்கும் திட்டத்தை அப்பல்கலைக்கழகம் 2007இல் அவர்களுக்காகத் தொடங்கியது. உதவித்தொகை போக எஞ்சிய கட்டணத்தை அதுவே ஏற்றது; பாடநூல் தந்தது; பயண அட்டை தந்தது. யாவற்றுக்கும் மேலாக, ஓர் ஆலோசகர் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர் மட்டுமே என வரம்பு கட்டியது. அதே கல்லூரிகளில் மற்ற மாணவர்க்கு ஓர் ஆலோசகர் பல நூறு பேரைக் கவனித்துக்கொண்டிருந்தார். குலுக்கல் முறையில் மாணவரை இரு குழுவாகப் பிரித்து எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வழக்கமான உதவி மட்டும் பெற்றோரில் 22 விழுக்காட்டினரே படிப்பை முடித்தனர்; திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காட்டினர் முடித்தனர். ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் இதையே செய்து பார்த்தபோதும் விகிதம் 19இலிருந்து 35 ஆக உயர்ந்தது. மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு கூடியது உண்மை. பட்டம் ஒன்றுக்கு ஆகும் செலவோ நியூயார்க்கில் குறைந்தது. பாதியில் நின்றவர்மீது செலவிட்ட பணம் எந்தக் கணக்கிலும் இழப்பாகக் காட்டப்படாததால் நாம் இதை உணர்வதில்லை.

அத்திட்டத்தில் எம்மை மிகவும் கவர்ந்தது அந்தப் பயண அட்டை. திட்டத்தின் சந்திப்புகளில் பங்கேற்போர்க்கே அது கிடைத்தது. மாணவர் அட்டைக்காக வந்தார், வந்தவரை ஆலோசகர் பார்த்தார், வராதவரையும் அறிந்துகொண்டார். நம் 1,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. இடைத்தரகரின் கைபடாத நேர்மை அதில் இருக்கிறது. கூடவே, பெறுபவரின் முகம் பாராத ஊமைத்தனமும் இருக்கிறது. பணத்துக்கு நிபந்தனை விதிக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. வறியவரின் கையில் சேர வேண்டியதை நிறுத்திவைத்து ஒழுங்கு கற்பிக்கும் முறை இங்கே எளிதில் கொடுமையாக மாறும். பணம் சேரும் நாளையேனும் ஒரு சந்திப்பின் நாளாக ஆக்கலாமே என்பதே எம் கேள்வி.

நியூயார்க்கின் வழியிலும் ஒரு பெரும் விடுபடல் உண்டு. முழுநேரம் பயில முடிந்தோர்க்கே அது திறந்திருந்தது. இரவுப் பணி முடித்து வகுப்புக்கு வருபவர், திருமணத்துக்குப் பின் பத்தாண்டு கழித்துப் படிக்க விழையும் தாய், பாதியில் நின்ற படிப்பை நாற்பது வயதில் முடிக்க எண்ணுபவர் ஆகியோர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். இங்கே அவர்கள் தொலைநிலைக் கல்வியை நாடுகின்றனர். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய காலந்தொட்டு நாம் அவர்களுக்குப் பாடப் புத்தகமும் தேர்வுத் தேதியும் தந்திருக்கிறோம்; ஆசிரியரின் துணையை அரிதாகவே தந்திருக்கிறோம். பல ஆண்டு நிலுவைத் தாள்களை எழுதப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது ‘சிறப்பு வாய்ப்பு’ அறிவிக்கின்றன. கூடுதல் கட்டணம் உண்டு, வகுப்பு இல்லை. மறந்துபோன கணிதத்தை யாரிடம் கேட்பது என்ற வினாவுக்கு அந்த அறிவிப்பில் விடை இராது. அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கும் கல்லூரி அலுவலகம் வேலைக்குச் செல்லும் மாணவருக்கு மூடிய அலுவலகமே. வாரத்தில் இருநாள் மாலை எட்டு மணிவரை அதைத் திறந்துவைக்கப் பெரிய திட்டம் ஏதும் தேவையில்லை.

பள்ளியைத் திறந்தால் மட்டும் போதாது, பசித்த வயிறு பாடம் கேளாது என்று கண்டு 1956இல் மதிய உணவைக் கொணர்ந்தவர் காமராசர். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கும் அந்த அறிவைப் பள்ளியோடு நிறுத்திக்கொண்டது இம்மாநிலம். கல்லூரியில் அக்கேள்வியைக் கேட்பது எவருடைய பணியும் அன்று. வழிகாட்டி ஆசிரியர் முறை தர மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் கோப்புகளில் உயிர்பெறுகிறது. குழு சென்றதும் கோப்போடு உறங்குகிறது.

ஆகவே அரசுக்கு யாம் வைக்கும் கோரிக்கை இது. முதல் தலைமுறையினர் மிகுந்த அரசு கலைக் கல்லூரிகள் சிலவற்றில், 80 பேருக்கு ஒருவர் என்ற அளவில் முழுநேர மாணவர் ஆலோசகரை நியமித்து மூன்றாண்டு நடத்திப் பார்க்கட்டும். பதினைந்து நாள் வராதவரின் வீட்டுக் கதவைத் தட்டும் கடமையும், கட்டண நிலுவையையும் சான்றிதழ்ச் சிக்கலையும் அங்கேயே தீர்க்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். அக்கல்லூரிகளில் சேர்ந்தோர், முடித்தோர், நின்றோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படட்டும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறோம்: தொகுப்பூதியத்தில் ஆண்டுக்காண்டு பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரின் தலையில் இப்பொறுப்பையும் கூடுதல் பணியாகச் சுமத்துவதே எண்ணமாயின், இதனைத் தொடங்காதிருப்பது நன்று.