வாகன அதிர்வும் உழைப்பவர் உடலும்

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்திற்கு அருகில் பழைய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டு, ஹியூ லோ பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் நடப்பட்ட முதல் மரங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதற்குப் பதினோர் ஆண்டுகள் கழித்து, 1888இல், ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து கொடுத்தார். கரடுமுரடான பாதையில் பையன் குலுங்காமல் செல்ல வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பின்னர் மகிழுந்துகள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. பேராக்கின் காடுகள் பல தோட்டங்களாயின. அங்குப் பால் சீவத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். உலகம் குலுங்காமல் பயணம் செய்ய உழைத்தவர்களின் வழித்தோன்றல்களில் பலர், இன்றும் நாள் முழுவதும் குலுங்கியபடியே பிழைக்கிறார்கள். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற வட்டாரங்களில் ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. வெட்டிய குலைகளை டிராக்டரில் ஏற்றிச் சேகரிப்பு இடத்திற்குக் கொண்டுபோக வேண்டும். பாதையோ செம்மண் பாதை. மழை பெய்தால் பள்ளம். வெயில் காய்ந்தால் வரி வரியாக மேடு. மாலையில் வீடு திரும்பும் டிராக்டர் ஓட்டுநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்வார். “என்னண்ணே, முதுகா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், “வயசாச்சு தம்பி, தைலம் தேய்ச்சாச் சரியாயிடும்” என்பார். நாற்பது வயதில் ஒருவர் இப்படிச் சொல்வதை இயல்பென்று ஏற்றுக்கொள்ள முடியாது. வலிக்குக் காரணம் வயதாக மட்டும் இராது. அவர் அமரும் இருக்கையாகவும் இருக்கலாம்.

செம்மண் பாதையில் தோன்றும் வரிமேடுகளை யாரும் வேண்டுமென்று அமைப்பதில்லை. ஓடும் சக்கரமே அவற்றை உருவாக்குகிறது. சிறு கல்லின்மீது ஏறிய சக்கரம் துள்ளி விழும்போது தளர்ந்த மண்ணைத் தள்ளிக் குவிக்கிறது. அடுத்து வரும் சக்கரம் அந்தக் குவியலில் ஏறி இன்னும் சற்றுத் துள்ளுகிறது. இப்படியே மேடும் பள்ளமும் சீரான இடைவெளியில் வளர்கின்றன. மீட்டருக்கு ஒரு மேடு உள்ள பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம், நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் தூக்கிப் போடப்படுகிறது. வேகமாகப் போனால் குலுக்கல் குறையும் என்று சிலர் நம்பி விரைவர். குலுக்கல் குறைவது போலத் தோன்றலாம். ஆனால் அப்போது சக்கரம் மண்ணைச் சரியாகத் தொடாததால் பிரேக்கும் வளைவும் கைகொடுக்கமாட்டா.

சாலை நன்றாக இருந்தாலும் வாகனமே அதிர்வதுண்டு. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்தின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 16 முறை சுழல்கிறது. அதன் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் எடை கூடினாலே, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 4 கிலோ எடைக்கு ஈடான விசை சக்கரத்தை இழுக்கும். ஈப்போ பட்டறைகளில் சக்கரத்தின் ஓரத்தில் சிறு ஈயத் துண்டை ஒட்டி ‘பாலன்சிங்’ செய்வது இதற்காகத்தான். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டைப் பார்க்க வேண்டும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே உடல் முழுவதும் நடுங்கினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் துண்டு வெடித்திருக்கலாம். அதுவும் ரப்பர்தான். ஒரு பள்ளத்தில் இறங்கிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால் அப்சோர்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். டிராக்டர்கள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு வில்லோ அப்சோர்பரோ கிடையாது. டயரும் இருக்கையும் தாங்காத அதிர்வை ஓட்டுநரின் முதுகெலும்புதான் தாங்குகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய அதிர்வு வேகம் உண்டு. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலே அதை உயரத்திற்குக் கொண்டுபோகும். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழும் குலுக்கப்படும்போது, நொடிக்கு 4 முதல் 6 முறை என்ற அளவில் மிகுதியாக ஆடுகிறது. அந்த அளவில், இருக்கை தரும் அதிர்வைவிட உடலுக்குள் உணரப்படும் அதிர்வு பெரிதாகிவிடுகிறது. வரிமேட்டுப் பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்திற்குக் கணக்கிட்ட எண்ணும் இதே எல்லைக்குள் வருவதைக் கவனிக்கலாம்.

அப்போது உடலில் என்ன நடக்கிறது? முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. வளர்ந்தவரின் உடலில் அவற்றுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து மெல்ல ஊறும் சத்தே அவற்றுக்கு உணவு. எனவே தேய்ந்தால் எளிதில் ஆறமாட்டா. முதுகுத் தசைகள் ஒவ்வொரு குலுக்கலையும் எதிர்த்து இறுகுகின்றன. நொடிக்கு ஐந்து முறை வரும் குலுக்கலுக்கு அவற்றால் உடனுக்குடன் ஈடுகொடுக்க முடிவதில்லை. தாமதமாக இறுகி, விரைவில் களைக்கின்றன. களைத்த முதுகோடு கீழே இறங்கி உடனே குலையைத் தூக்கும்போது தட்டுகளுக்குப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு அதிகம். வாகனம் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டோரிடம் அடிமுதுகு வலி மிகுதியாகக் காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அதிர்வு தூக்கத்தையும் கொண்டுவரும். மெல்பர்னில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நொடிக்கு 4 முதல் 7 முறை வரும் மெல்லிய அதிர்வுக்கு உள்ளான 15 பேரிடம் 15 நிமிடங்களிலேயே தூக்கக் கலக்கத்தின் அறிகுறிகள் தென்பட்டன. விடியற்காலையில் தோட்டத்துப் பக்கமிருந்து தாசேக், மெங்லெம்பு தொழிற்பேட்டைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டுநர் இதை அறிந்திருப்பது நல்லது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது பிள்ளைகள் வாந்தி எடுப்பதோ வேறு வகை. அங்கே உடலைப் படுத்துவது வேகமான குலுக்கலன்று. சில நொடிகளுக்கு ஒரு முறை பக்கத்துக்குப் பக்கம் சாயும் மெதுவான அசைவு.

கைகளுக்கு வரும் அதிர்வு தனிக் கதை. 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், காற்றழுத்தக் கருவியால் கல் வெட்டிய தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளிறி மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். பின்னாளில் ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுசென்றவர்களிடமும் இத்தகைய பாதிப்பு காணப்பட்டது. மலேசியாவின் வெப்பத்தில் விரல் வெளிறுவது அரிது. மரத்துப்போதலும் கூச்சமுமே மிஞ்சும். வெளியே தெரியாத காரணத்தால் அது நோய் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் கடமையை முதலாளியிடம் ஒப்படைக்கிறது. 2024 ஜூன் முதல் அதன் திருத்தம் நடப்புக்கு வந்து, சட்டத்தின் எல்லை மேலும் விரிந்துள்ளது. இரைச்சலுக்கு 2019இல் தனி விதிமுறைகளே வந்துவிட்டன. தொழில்சார் அதிர்வுக்கோ 2003இல் வந்த வழிகாட்டி உண்டு. வழிகாட்டி வேறு, விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2002லேயே எட்டு மணி நேர வேலைக்கு உடல் தாங்க வேண்டிய அதிர்வின் உச்ச அளவை 1.15 என்றும், அதற்கு முன்பே நடவடிக்கை தொடங்க வேண்டிய அளவை 0.5 என்றும் வகுத்தது. இவை நொடிவர்க்கத்திற்கு மீட்டர் என்ற அலகில் கூறப்படுபவை. காதைக் காக்க விதி தேவை என்றால் முதுகைக் காக்கவும் விதி தேவை. டிராக்டர் இருக்கையில் ஓர் அளவுகருவியை வைத்து ஒரு நாள் அளப்பது தோட்ட நிர்வாகங்களால் இயலாத காரியமன்று.

செலவு கூடும் என்பர். பாதையைத் தார்ச்சாலையாக்குவது பெருஞ்செலவுதான். அதை யாரும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஆனால் வரிமேடுகளை அவ்வப்போது சமன்படுத்துவது செம்மண் பாதைக்குரிய வழக்கமான பராமரிப்பே. அதிர்வு பாதியாகக் குறைந்தால், அதே சுமை உடலில் சேர நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். டயரின் காற்றழுத்தத்தைச் சரியான அளவில் வைத்தல், வேகத்தைக் குறைத்தல், இடையிடையே இறங்கி நடத்தல் ஆகியவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

புதிய டிராக்டர்கள் பலவற்றில் வில் பொருத்திய இருக்கை வருகிறது. அதன் அடியிலோ பக்கத்திலோ ஓட்டுநரின் எடைக்கு ஏற்பத் திருகும் குமிழ் ஒன்று இருக்கும். 100 கிலோ எடைக்கு அமைத்த இருக்கையில் 60 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் வில் சரியாக அசையாது; பலகையில் அமர்ந்தது போலத்தான் இருக்கும். குமிழைத் திருக அரை நிமிடம் போதும். அப்படி ஒன்று இருப்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருக்கு ஒருவர் காட்டித் தர வேண்டும்.